ஏ.எம்.சி-யா, எக்ஸ்டெண்டட் வாரண்டியா, தெருமுனை மெக்கானிக்கா?

சென்னையில் ஒரு நடுத்தர வீட்டைக் கணக்கெடுத்தால் ஏசி இரண்டு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஆர்ஓ, கீசர், டிவி, இன்வெர்ட்டர், தனி வீடாக இருந்தால் போர் மோட்டார் என்று எப்படியும் எட்டு, ஒன்பது உருப்படி தேறும். ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் ஒரு திட்டத்தோடு வந்து நிற்கிறார். ஆடித் தள்ளுபடியில் டிவி வாங்கப் போனால் பில் போடும் இடத்திலேயே, "இன்னும் கொஞ்சம் கட்டிடுங்க சார், மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்கிறார்கள். ஆர்ஓ-வுக்கு ஃபில்டர் மாற்ற வந்தவர் கிளம்பும்போது ஏ.எம்.சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) படிவத்தை நீட்டுகிறார். மதியம் கண் அசரும் நேரத்தில் போன் வருகிறது: வீட்டில் உள்ள எல்லாச் சாதனத்துக்கும் சேர்த்து ஒரே பிளான்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் 'ஹோம் வாரண்டி' பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் ஏசி, ஹீட்டர், பைப், வயரிங், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில் வந்துவிடும். ஆள் வரும் ஒவ்வொரு தடவையும் தனியாக ஒரு கட்டணம். நம் ஊரில் சுவருக்குள் ஓடும் பைப்பையும் வயரையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளும் திட்டம் வழக்கத்தில் இல்லை. நம் கையில் இருப்பவை வேறு: தயாரித்த கம்பெனியின் ஏ.எம்.சி, கடையோ வெளி நிறுவனமோ விற்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி, பல சாதனங்களுக்குச் சேர்த்து விற்கும் பிளான், வீட்டுக் காப்பீடு. எதுவும் வேண்டாம் என்றால் நம்பிக்கையான மெக்கானிக்கும் தனியாக எடுத்துவைத்த கொஞ்சம் பணமும்.

இவற்றை விலையை வைத்து ஒப்பிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. சென்னையில் சாதனங்களைக் காலி செய்வது உப்புக் காற்று, உப்புத் தண்ணீர், ஏறி இறங்கும் கரண்ட், மழை வெள்ளம், அப்புறம் எலி. இப்போது ஏதாவது ஒரு ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துரு, அரிப்பு, தண்ணீரின் தன்மையால் வரும் கோளாறு, மின்னழுத்த ஏற்ற இறக்கம், இயற்கைப் பேரிடர், பூச்சி மற்றும் எலிக் கடி ஆகியவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். நம் ஊரில் எதனால் கெடுமோ அதையெல்லாம் நீக்கிவிட்டு மிச்சத்துக்குப் பணம் வாங்குகிறார்கள். ஆகவே எந்தத் திட்டமானாலும் முன்பக்கம் என்ன தருகிறது என்பதைவிடப் பின்பக்கம் எதை விடுகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். எல்லா ஒப்பந்தத்திலும் இந்த ஐந்தும் ஒன்றாக இருப்பதில்லை. எது இருக்கிறது, எது இல்லை என்பதில்தான் திட்டத்துக்குத் திட்டம் வித்தியாசம்.

ஏசி

ஏசி-க்கு ஏ.எம்.சி இரண்டு வகை. ஒன்றில் சர்வீஸும் கூலியும் மட்டும் அடங்கும், பாகம் மாற்றினால் அதற்குத் தனிப் பணம். மற்றதில் பாகங்களும் அடங்கும்; இதைத்தான் 'காம்ப்ரிஹென்சிவ்' என்கிறார்கள். முதல் வகையை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வருடத்துக்கு இரண்டு வாட்டர் சர்வீஸ் செய்ய நம் தெரு மெக்கானிக் வாங்குவதைவிட அது பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது வகைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி 42,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏ.எம்.சி 5,000 ரூபாய் என்று போனில் சொல்வார்கள். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 5,900. ஐந்து வருடத்துக்கு 29,500. புது ஏசி விலையில் 70 சதவீதம் போய்விட்டது. அதே ஐந்து வருடத்தில் தெரு மெக்கானிக்குக்கு வருடம் 1,200 வீதம் 6,000, நடுவில் ஒரு தடவை கேஸ் சார்ஜ் 3,000, ஒரு தடவை எலக்ட்ரானிக் போர்டு மாற்ற 7,000 என்று எடுத்துக்கொண்டால் 16,000 ஆகிறது. உங்கள் வீட்டுத் தொகைகளை இதில் போட்டுப் பாருங்கள். ஐந்து வருடத்தில் ஒரே ஒரு பெரிய பழுது வந்தாலும் ஏ.எம்.சி பெரும்பாலும் நஷ்டக் கணக்குதான். அதற்கு மேல் இன்னும் இரண்டு பெரிய பழுது வந்தால்தான் சமமாகும்.

அந்த இரண்டு பெரிய பழுது எங்கே வரும்? கடலோரத்தில். பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர். இங்கே வெளியில் மாட்டிய யூனிட்டின் காயில் (சூட்டை வெளியேற்றும் குழாய்ச் சுருள்) சீக்கிரம் அரித்துவிடும். சரி, அப்படியானால் கடலோரத்தில் இருப்பவர்கள் ஏ.எம்.சி போடலாமே என்றால், அங்கேதான் பின்பக்கம் குறுக்கே வருகிறது. திருவான்மியூரில் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காம்ப்ரிஹென்சிவ் ஏ.எம்.சி இருந்தது. கூலிங் வரவில்லை என்று புகார் கொடுத்தார். ஒருவர் வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை. அடுத்து வந்த பையன் அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த அலுமினியத் தகடுகளை விரலால் லேசாகத் தொட்டான். அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. "அக்கா, இதுல எத்தன தடவ கேஸ் போட்டாலும் நிக்காது. காயில் மாத்தணும். ஆனா இது துரு. ஏ.எம்.சி-ல வராது" என்றான். கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தால் அரிப்பு நீங்கலாக என்று அச்சடித்திருந்தது. கேஸ் இலவசம், காயிலுக்குப் பணம். எந்தப் பழுதுக்குப் பயந்து ஏ.எம்.சி போட்டாரோ அதற்கே அது உதவவில்லை.

எனவே கடலோர வீடு என்றால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அவுட்டோர் காயில் அரித்துப் போனால் மாற்றித் தருவீர்களா? ஆமாம் என்றால் மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். வராவிட்டால் அந்தப் பணத்தில் அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள செம்புக் காயில் ஏசியாகப் பார்த்து வாங்குவதும், மாதம் ஒரு தடவை வெளி யூனிட்டை நல்ல தண்ணீரில் கழுவச் செய்வதும் மேல். அண்ணா நகர், கே.கே. நகர் போலக் கடலிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு ஏ.எம்.சி தேவையில்லை என்பது என் தீர்ப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்வெர்ட்டர் ஏசிகளில் கம்ப்ரெஸருக்குப் பத்து வருட வாரண்டி தருவது இப்போது சகஜம். எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்பவர், "கம்ப்ரெஸரே கவர் ஆகுது சார்" என்று அழுத்திச் சொன்னால், ஏற்கெனவே உங்களிடம் இருப்பதைத்தான் மறுபடி விற்கிறார். அந்தப் பத்து வருட வாரண்டியிலும் கம்ப்ரெஸர் மட்டும்தான் வரும். அதைக் கழற்றி மாட்டும் கூலி, கேஸ், வண்டிச் செலவு பெரும்பாலும் நம் தலையில். நல்ல எக்ஸ்டெண்டட் வாரண்டி என்றால் அந்த மிச்சத்தையும், குறிப்பாக எலக்ட்ரானிக் போர்டையும், ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கத்திரி வெயில் சமயத்தில் ஏ.எம்.சி இருந்தால் சீக்கிரம் வருவார்கள் என்ற நம்பிக்கையில் பலர் புதுப்பிக்கிறார்கள். ஒப்பந்தத்தில் இத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வருவார் என்று எழுதியிருந்தால் ஒழிய அது வெறும் நம்பிக்கைதான். மே மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். சர்வீஸைப் பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள், யாரை வைத்துச் செய்தாலும்.

ஆர்ஓ

ஆர்ஓ-வில் என் தீர்ப்பு நேர் எதிர். ஆனால் அதற்கு முன் ஆர்ஓ தேவையா என்று பார்த்துவிடுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. மெட்ரோ தண்ணீர் ஒழுங்காக வரும் தெருவில் அளந்து 500-க்குள் இருந்தால் ஆர்ஓ வைத்து அதற்கு ஏ.எம்.சி கட்டுவதே வீண். புற ஊதா விளக்கால் கிருமியைக் கொல்லும் யூவி போதும், வடிகட்டி மாற்றும் செலவும் குறைவு. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்த பிறகு நகரத்துக்கு வரும் தண்ணீரே மாறியிருக்கிறது. பழைய பழக்கத்தில் ஆர்ஓ மாட்டியவர்கள் ஒரு தடவை அளந்து பார்க்கலாம்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் போர் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ நம்பி இருப்பவர்கள் கதை வேறு. உப்பு அதிகமாக இருந்தால், அதை வடிகட்டும் சவ்வான மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அது ஆர்ஓ-வில் விலை கூடின பாகங்களில் ஒன்று. அதோடு வருடா வருடம் மாற்ற வேண்டிய கார்பன், செடிமென்ட் ஃபில்டர்கள். இங்கே பழுது வருமா வராதா என்ற கேள்வியே இல்லை; செலவு நிச்சயம். நிச்சயமான செலவை மொத்தமாகப் பேசிக் குறைப்பதுதான் ஏ.எம்.சி-யின் சரியான பயன். தெருவில் கிடைக்கும் ஃபில்டர்களில் போலி எது, அசல் எது என்று நம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இதில் மட்டும் கம்பெனியின் பக்கம் சாய்கிறேன்.

கேட்க வேண்டியவை: மெம்பரேன் சேர்ந்ததா, வருடத்தில் எத்தனை தடவை? பம்ப், அடாப்டர், யூவி விளக்கு உண்டா? வரும் தண்ணீரின் டிடிஎஸ்-க்கு உச்ச வரம்பு போட்டிருக்கிறார்களா? 'ஏ.எம்.சி' என்று ஒரே பெயரில் மூன்று விலை சொல்வார்கள். மலிவானதில் பெரும்பாலும் மெம்பரேன் இருக்காது. அதைப் போடுவதற்குப் பேசாமல் இருக்கலாம். மாற்றிய பழைய ஃபில்டரை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், மாற்றினார்களா இல்லையா என்ற சந்தேகம் அப்போதே தீர்ந்துவிடும்.

மற்ற சாதனங்கள்

டிவி-க்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாம் என்பேன், பேனல், அதாவது திரை, என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால். பெரிய டிவியில் பேனல் போனால் புது டிவி விலையில் பாதிக்கு மேல் கேட்பார்கள். நம் மெக்கானிக்கும் அதில் ஒன்றும் செய்ய முடியாது. குழந்தை பந்தை எறிந்து உடைத்தால் வராது, அதற்குத் தனித் திட்டம்.

வாஷிங் மெஷினில் டாப் லோடுக்கு வேண்டாம். ஃப்ரண்ட் லோடுக்குப் போர்டும் பேரிங்கும் அடங்கினால் யோசிக்கலாம். மேலே ஒட்டியிருக்கும் 'மோட்டார் 10 வருடம்' ஸ்டிக்கர், ஏசி கம்ப்ரெஸர் விவகாரம் போலத்தான். போர் தண்ணீரில் ஓடும் மெஷினுக்கு உப்பு கரைக்கும் பொடி போடுவதும், எலி புகாமல் அடியில் வலை அடிப்பதும் எந்த ஒப்பந்தத்தைவிடவும் அதிகம் காப்பாற்றும். வயரை எலி கடித்ததற்கு எந்தக் கம்பெனியும் பணம் தரப் பார்த்ததில்லை.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், கீசர் இரண்டுக்கும் எதுவும் தேவையில்லை. கீசரில் எலிமென்டும் தெர்மோஸ்டாட்டும் சின்னச் செலவு. டேங்குக்குக் கம்பெனி வாரண்டியே சில வருடம் வரும். இன்வெர்ட்டர் பேட்டரியில் எழுதியிருக்கும் மாதக் கணக்கை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள்: முதல் பகுதியில்தான் புதுசாக மாற்றித் தருவார்கள், பின்பகுதியில் புது பேட்டரி விலையில் கழிவு மட்டும். போர் மோட்டாருக்குத் திட்டம் தேடவே வேண்டாம். காயில் போனால் கட்டித் தரக் கடை இருக்கிறது. பெரிய செலவு மோட்டாரைக் குழியிலிருந்து தூக்கி இறக்கும் ஆள் கூலி. அடுக்குமாடியில் லிஃப்டுக்கு மட்டும் சங்கம் சார்பில் பாகங்களோடு சேர்ந்த ஏ.எம்.சி கட்டாயம் இருக்கட்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கடையில் விற்பதும் காலை நனைக்கும் வெள்ளமும்

எக்ஸ்டெண்டட் வாரண்டியில் யார் பொறுப்பு என்பதைப் பலர் கேட்பதே இல்லை. பில்லில் கடைப் பெயர் இருக்கும், சான்றிதழில் வேறொரு நிறுவனம் இருக்கும், பழுது பார்க்க மூன்றாவது ஒருவர் வருவார். தயாரித்த கம்பெனியே தரும் நீட்டிப்பு இருந்தால் சற்று விலை கூடினாலும் அதுவே மேல்; அசல் பாகம் கிடைக்கும். எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் பாருங்கள். 'மூன்று வருடம்' என்பதில் கம்பெனி தரும் முதல் வருடமும் சேர்ந்திருந்தால் நீங்கள் வாங்குவது இரண்டுதான். சரிசெய்ய முடியாமல் போனால் வாங்கிய விலையா, தேய்மானம் கழித்த தொகையா, அதே கடையில் மட்டும் செல்லும் கூப்பனா? இஎம்ஐ-யில் வாங்கும்போது இந்தத் தொகையைக் கேட்காமலே சேர்த்துவிடுவது உண்டு; கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம், பின்னால் வரிசை நிற்கட்டும்.

வெள்ளத்துக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தண்ணீரில் நின்றபோது கையில் ஏ.எம்.சி வைத்திருந்தவரும் இல்லாதவரும் ஒன்றுதான். அதற்கு வீட்டுக் காப்பீடு வேண்டும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசி இருக்கிறது. தீ, புயல், வெள்ளம் அதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

ஆனால் காப்பீட்டுக்கும் ஒரு பின்பக்கம் உண்டு. சாதாரணமாகப் பழுதானாலும், உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகி அந்தச் சாதனமே கருகினாலும் இந்தப் பாலிசி அந்தச் சாதனத்துக்குத் தராது. அதற்குப் 'பிரேக்டவுன்' என்ற பிரிவு உள்ள வீட்டுப் பாலிசியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் சாதனத்தின் வயதையும் தேய்மானத்தையும் பார்ப்பார்கள். பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற இடத்தில் தரைத்தளமா, இதை முதலில் எடுங்கள்; ஏ.எம்.சி பற்றி அப்புறம் பேசலாம். நான்காம் மாடியில் இருப்பவருக்கு அவசரமில்லை. தண்ணீர் வடிந்ததும் மெஷினை ஓட்டிப் பார்க்காமல், நிற்கும் நிலையிலேயே படம் எடுத்துவைத்து, காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வரும்வரை விடுங்கள்.

பல சாதனங்களுக்கும் சேர்த்து விற்கும் பிளான்கள் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு, சாதனத்துக்கு வயது வரம்பு, முதல் சில நாள்களுக்குக் கோரிக்கை செல்லாது என்று பல முட்டுக்கட்டைகள் உண்டு. ஒரே ஒரு குடும்பத்துக்கு அது பொருந்தும்: பிள்ளைகள் வெளிநாட்டில், மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ பெற்றோர் மட்டும் தனியாக. மெக்கானிக்கைத் தேடி, பேரம் பேசி, வந்தவனை நம்பலாமா என்று யோசிக்கும் அலைச்சல் அவர்களுக்கு இல்லாமல் போகிறது. அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

மற்றவர்களுக்கு நான் சொல்வது: மாதம் 1,000 ரூபாய் ஒரு ஆர்.டி-யில் போடுங்கள். வருடத்துக்கு 12,000. துரு, எலி, கரண்ட் எதுவானாலும் பணம் வெளியே வரும். விலக்குப் பட்டியல் இல்லாத திட்டம் இது ஒன்றுதான். இதில் ஒரு பலவீனமும் உண்டு, தீபாவளிக்குக் கை அதன்மேல் போகும். முதல் வருடமே கம்ப்ரெஸரும் பேனலும் சேர்ந்து போனால் பணம் போதாது என்பதும் உண்மை. அதனால்தான் டிவி-க்கும், தண்ணீர் மோசமான இடத்தில் ஆர்ஓ-வுக்கும் மட்டும் தனித் திட்டம் என்கிறேன்.

எதை எடுத்தாலும், பழுது பார்க்க மறுத்தால் விட்டுவிடாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் அதற்கென்று காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. இவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான். வேலைக்கு வந்தவர் போனில் நீட்டும் ஜாப் ஷீட்டில் அவசரமாகக் கையெழுத்துப் போடாமல் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். 'வாடிக்கையாளர் வேண்டாம் என்றார்' என்றோ 'வேலை முடிந்தது' என்றோ இருந்தால் திருத்தச் சொல்லிவிட்டு, அந்தத் திரையை உங்கள் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.